பவுனுக்கு வயிறு வலித்த போயா நாள்

இது நடந்தது. இட்டுக்கட்டிச் சொன்னது இல்லை. சந்தேகம் இருப்பவர்கள் திகனைக்குப் போய் கலாராணியிடமே கேட்கலாம். ஆனால் பகலில் கேளுங்கள். பொழுது சாய்ந்த பிறகு அவள் இதைப் பேச மாட்டாள். பகலிலும், குதிரையின் கழுத்தில் ஒரு கையை வைத்துக்கொண்டு, தண்ணீருக்கு முதுகைக் காட்டாமல் நின்றுதான் சொல்லுவாள்.

கலாராணி ஹுன்னஸ்கிரிய தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவள். கல்யாணம் கட்டி திகனைக்கு வந்தாள். புருஷன் இருளப்பன் கொஞ்சக் காலம் நுவரெலியாவில் குதிரை பார்த்தவன். பந்தயத்துக்கு இனி உதவாது என்று தள்ளிய ஒரு செம்பழுப்புக் குதிரையை அவன்தான் வாங்கி வந்தான். பெண் குதிரை. பவுனு என்று பேர் வைத்தார்கள். விக்டோரியா நீர்த்தேக்கத்தைப் பார்க்க வருகிறவர்களின் பிள்ளைகளை ஏற்றி கரையோரம் ஒரு சுற்றுக் காட்டுவது, அதுதான் பிழைப்பு. இருளப்பன் கட்டாருக்குப் போன பிறகு எல்லாம் கலாராணி தலையில். அந்த வீட்டில் அவளைத் தவிர மூச்சு விடுகிற இன்னொரு உயிர் பவுனுதான். காலையில் கதவைத் திறந்ததும் அவள் பேசுவது அதோடுதான். தூங்கப் போகுமுன் கடைசியாகப் பேசுவதும் அதோடுதான்.

அந்த வருஷம் மழை பிந்திவிட்டது. நீர்த்தேக்கம் இறங்கிக்கொண்டே போனது. அணை கட்டிய காலத்தில் ஒரு முழு பஸாரே தண்ணிக்கடியில் போனது அந்தப் பக்கத்து ஆட்கள் எல்லோருக்கும் தெரியும். தண்ணி நன்றாக இறங்கினால் பழைய தார் ரோடு தலை காட்டும். கலாராணியின் வீட்டுக்குக் கீழேயே அது இறங்கி, கொஞ்சத் தூரம் போய், தண்ணிக்குள் மறைந்துவிடும். இரண்டு பக்கமும் காய்ந்த சேறு. சேற்றில் மணலோடு மணலாக இளம் புல். வேறு எங்கும் பச்சை இல்லாததால் ஒரு மாதமாக பவுனு அங்கேதான் மேய்ந்தது.

அன்றைக்கு போயா, பௌர்ணமி லீவு நாள். ஞாயிற்றுக்கிழமையும் கூட. நல்ல கூட்டம். மத்தியானம் தாண்டி, ஒரு சின்னப் பிள்ளையை ஏற்றிக்கொண்டு திரும்பி வரும்போது பவுனு நடு வழியில் நின்றுவிட்டது.

கயிற்றை இழுத்தாள். அசையவில்லை. முன்னங்காலால் நிலத்தைச் சுரண்டியது. பிறகு கழுத்தைத் திருப்பித் தன் வயிற்றையே பார்த்தது. யாரோ அங்கே தொட்டுக் கூப்பிட்ட மாதிரி.

கலாராணி பிள்ளையை இறக்கி தாயிடம் கொடுத்தாள். "இன்னைக்கு இவ்வளவுதாங்க, அவளுக்கு என்னமோ பண்ணுது" என்றாள். வீட்டுக்குக் கொண்டு வருவதற்குள் பவுனுக்கு வேர்த்துக் கொட்டியது. வாசலில் வந்ததும் முழங்கால் மடங்கி, தொப்பென்று விழுந்து, முதுகைத் தரையில் தேய்த்து உருளத் தொடங்கியது.

அவள் பயந்து போய் கட்டாருக்கு வீடியோ கோல் எடுத்தாள். இருளப்பன் வேலை உடுப்போடு திரையில் வந்தான். குதிரையைக் காட்டினாள். அவன் முகம் மாறிவிட்டது.

"எழுப்பு! எழுப்பு அவள! உருள விட்டா கொடல் முறுக்கிக்கும்."

"எந்திரிக்க மாட்டேங்குறா..."

"அடிச்சாவது எழுப்பு. நடக்க வையி. தீனி ஒண்ணும் குடுக்காத. டொக்டரப் புடி, கலா. இது நம்ம கைவைத்தியத்துக்கு அடங்காது. காது வச்சுப் பாரு, வயித்துல சத்தம் கேக்குதா?"

அவள் பவுனின் விலாவில் காதை வைத்தாள். எந்த நேரமும் ஆறு ஓடுகிற மாதிரி குடுகுடுவென்று கேட்கிற வயிறு அது.

ஒன்றும் கேட்கவில்லை.

"இல்லங்க" என்றாள். அந்தப் பக்கத்தில் அவன் அழுவது கேட்டது. பிறகு லைன் அறுந்துவிட்டது.

போயா நாளில் எந்த அலுவலகம் திறந்திருக்கும்? பக்கத்தில் இருந்த மிருக வைத்தியர் தம்புள்ளைப் பக்கம் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார். இன்னொருவரின் போன் ஓஃப். மூன்றாவது ஆள், "குதிரையா? நான் மாடுதான் பாக்குறது" என்று வைத்துவிட்டார். கடைசியில் சந்தியில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் ரிப்காவுக்கு எடுத்தாள். கலாராணிக்கு எந்த அவசரம் என்றாலும் அக்கா மாதிரி ரிப்கா ராத்தாதான்.

"நீங்க குதிரையப் பாருங்கொ" என்றாள் ரிப்கா. "டொக்டர நான் தேடுறேன். அழாதீங்கொ."

ரிப்கா கடையில் இருந்தபடியே கண்டி முழுக்கப் போன் எடுத்திருக்கிறாள். ஒரு வழியாக ஒருவர் கிடைத்தார். டொக்டர் ரிஷிகேசன். யாழ்ப்பாணத்து ஆள். கண்டி டவுனில் நாய், பூனை பார்க்கிறவர். அவரே கலாராணிக்கு எடுத்தார்.

"அம்மா, நான் குதிரை பாத்துக் கன காலம். ஆனா வாறன். நான் வருமட்டும் நடத்திக்கொண்டே இருங்கோ. படுக்க விடாதேங்கோ. விளங்குதே?"

"சீக்கிரம் வாங்க டொக்டர்."

"வெளிக்கிட்டிட்டன்."

ஆனால் அவர் புறப்பட்ட நேரம் பார்த்து, மாதக் கணக்காக வராத மழை வந்தது. வழியில் குண்டசாலையில் மரம் விழுந்து ரோடு அடைபட்டது. போயா வாகனங்கள் எல்லாம் வரிசையாக நின்றுவிட்டன.

கலாராணி நடந்தாள். வாசலைச் சுற்றிச் சுற்றி, மழையில், கயிற்றைத் தோளில் போட்டு இழுத்து இழுத்து நடந்தாள். பவுனு நாலு எட்டு வைக்கும். நிற்கும். முனகும். விழும். அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டு கெஞ்சுவாள். கெஞ்சி முடியாமல் கம்பால் அடிப்பாள். அடித்துவிட்டு அந்த இடத்தைத் தடவிக் கொடுப்பாள். இப்படியே பொழுது போனது. மலைகள் மறைந்தன. நீர்த்தேக்கத்தில் இருந்து பனி எழும்பி வீட்டைச் சுற்றி வந்தது.

ஆறரை மணி இருக்கும். பவுனு மறுபடி விழுந்தது. இந்த முறை உருளவில்லை. காலை நீட்டிப் பேசாமல் கிடந்தது. வாயைத் திறந்து பார்த்தாள். ஈறு வெளிறிப் போயிருந்தது. கண் எங்கேயோ பார்த்தது.

டொக்டருக்கு எடுத்தாள். "இன்னும் மரம் வெட்டிக்கொண்டு நிக்கினம் அம்மா... விடாதேங்கோ..."

கலாராணி சேற்றில் உட்கார்ந்து குதிரையின் தலையை மடியில் தூக்கி வைத்துக்கொண்டாள். "யாராச்சும் வாங்களேன்" என்று கத்தினாள். ரோட்டைப் பார்த்துக் கத்தவில்லை. எதிரே இருந்த பனியைப் பார்த்துத்தான் கத்தினாள். "யாராச்சும்... யாரா இருந்தாலும் வாங்களேன்..."

அப்போதுதான் கீழே ஒரு வெளிச்சம் தெரிந்தது.

மஞ்சள் வெளிச்சம். அரிக்கன் லாம்பு மாதிரி. அசையாமல் நின்றது.

பவுனின் காது இரண்டும் அந்தப் பக்கம் திரும்பின. ஒரு உதறு உதறி, தானாகவே எழுந்து நின்றது. கலாராணிக்கு வந்த சந்தோஷத்தில் வேறு எதுவும் தோன்றவில்லை. அது எந்தப் பக்கம் நடக்கிறது என்றும் அவள் பார்க்கவில்லை. நடக்கிறதே, அது போதும். கயிற்றைப் பிடித்துக்கொண்டு கூடவே போனாள்.

கால் சேற்றை விட்டுத் தாருக்கு வந்தது. டக்... டக்... டக்... என்று குளம்புச் சத்தம். பழைய ரோடு என்று அவளுக்குத் தெரிந்தது. கொஞ்சத் தூரத்தில் தண்ணி வந்துவிடும், அங்கே திருப்பிக்கொள்ளலாம் என்று நினைத்தாள்.

தண்ணி வரவில்லை.

ரோடு போய்க்கொண்டே இருந்தது. மழை நின்றுவிட்டது போல் இருந்தது. முகத்தில் ஒரு துளி விழவில்லை. ஆனால் உடம்பு முழுக்கக் குளிர் இறுக்கிப் பிடித்தது. பனிக்குள் இரண்டு பக்கமும் கடைகள் தெரிந்தன. பலகைக் கதவு போட்ட கடைகள். எல்லாம் பூட்டியிருந்தன. சுற்றி வந்து திகனைச் சந்திக்கே வந்துவிட்டோம் போல என்று அவள் நினைத்தாள். பனியில் வழி தப்பியிருக்கும். போயா நாள், அதுதான் கடை பூட்டு. நின்று யோசிக்கிற நிலையில் அவள் இல்லை.

ஒரு கதவு மட்டும் திறந்திருந்தது. வாசலில் அந்த லாம்பு. மேலே ஒரு பலகை. மூன்று பாஷையிலும் எழுதியிருந்தது.

மிருக வைத்திய நிலையம்.

அவளுக்கு அழுகை பொங்கியது. இத்தனை நாள் இது எப்படித் தன் கண்ணில் படவில்லை என்று ஒரு நொடி தோன்றியது. ஒரு நொடிதான்.

வாசலில் ஒருவர் நின்றார். வெள்ளைச் சேட்டு. சட்டைக் கையை முழங்கை வரை மடித்து விட்டிருந்தார். நாற்பது வயது இருக்கலாம். அவர் அவளைப் பார்க்கவில்லை. அவளுக்குப் பின்னால், ரோட்டைத்தான் பார்த்தார்.

"ஆரும் கண்டவையோ, நீங்கள் வாறதை?"

"யாரும் இல்லைங்க. ஐயா, குதிரைக்கு வயித்து வலி, சாகப் போகுதுங்க..."

"கெதியா உள்ளுக்குக் கொண்டு வாங்கோ. சத்தம் போட வேண்டாம்."

பவுனு அந்நிய ஆளைக் கிட்ட விடாது. அன்றைக்கு ஆட்டுக்குட்டி மாதிரி உள்ளே போனது. அவர் கதவைச் சாத்தி, குறுக்குச் சட்டம் போட்டார். லாம்புத் திரியைக் குறைத்தார்.

பிறகு குதிரையின் பக்கம் திரும்பினார். திரும்பியதும் வேறு ஆள் மாதிரி இருந்தார். விலாவில் காதை வைத்தார். வயிற்றுக்கடியில் உள்ளங்கையை வைத்து அழுத்திப் பார்த்தார்.

"மண் திண்டிட்டுது. குடலில மணல் இறுகிக் கிடக்கு."

"பொழைக்குமாங்க?"

"தலையைப் பிடியுங்கோ."

ஒரு நீளக் குழாயை எடுத்தார். மூக்கு வழியாக மெல்ல மெல்ல உள்ளே விட்டார். பவுனு ஒரு முறை விழுங்கியது. குழாயின் நுனியைக் காதில் வைத்துக் கேட்டார். தலையாட்டினார். மேலே புனல் வைத்து எண்ணெயை ஊற்றினார். ஒரு சொட்டு வெளியே சிந்தவில்லை. இவ்வளவு நல்ல கையை கலாராணி கண்டதில்லை. இவர் காலில் விழ வேண்டும் என்று அவளுக்கு இருந்தது.

அப்போது வெளியே சத்தம் கேட்டது.

தூரத்தில். நிறையப் பேர் ஓடுகிற சத்தம். யாரோ கத்தினார்கள். கண்ணாடி உடைந்தது. கதவிடுக்கு வழியாக ஒரு நாற்றம் வந்தது. டயர் எரிகிற நாற்றம்.

"என்னங்க அது?"

அவர் வாயில் விரலை வைத்தார். மற்றக் கையால் பவுனின் மூக்கைப் பொத்தினார், அது கனைத்துவிடாமல். மூன்று பேரும் அப்படியே நின்றார்கள்.

ஓடுகிற சத்தம் கிட்ட வந்தது... கதவுக்கு நேரே வந்தது... தாண்டிப் போனது.

அவர் மூச்சே விடவில்லை. முதலில் அவள் அதைப் பெரிதாக எடுக்கவில்லை.

பிறகு கவனித்தாள். அவர் இன்னும் மூச்சு விடவில்லை.

"இன்னும் பிரச்சினை முடியேல்ல" என்று மெதுவாகச் சொன்னார். "ஒவ்வொரு நாளும் வருவினம்."

அவருடைய கை அவள் கையில் பட்டது. ஐஸ். மடித்த சேட்டுக் கையில் இருந்து தண்ணி சொட்டியது. சொட்டுச் சொட்டாக. ஆனால் தரையில் விழுகிற சத்தம் கேட்கவில்லை.

கலாராணி தலையை நிமிர்த்திப் பார்த்தாள்.

சுவரில் ஒரு கோட் தொங்கியது. காற்று இல்லை. ஆனால் அது ஆடியது. மெதுவாக... மேலே எழும்பி... கீழே இறங்கி...

மூலையில் உட்கார ஒரு கதிரை. அதன் கால்கள் தரையில் இல்லை. ஒரு விரல் உயரத்தில் நின்று, தானாகத் திரும்பிக்கொண்டிருந்தது.

பவுனின் பிடரி மயிர் மேல் நோக்கி எழும்பி நின்றது. பாசி மாதிரி அசைந்தது.

அவள் தன் கூந்தலைத் தொட்டுப் பார்த்தாள்.

அதுவும்...

டிரிங்... டிரிங்...

அவள் போன். அந்த மனிதர் துள்ளிப் போனார். "நிப்பாட்டுங்கோ! நிப்பாட்டுங்கோ அதை!"

அவள் போனைக் காதில் வைத்தாள்.

"அம்மா, ரிஷிகேசன் கதைக்கிறன். உங்கட வாசலில நிக்கிறன். ஒருத்தரையும் காணேல்ல. எங்க நிக்கிறியள்?"

"டொக்டர்... நான் கீழ... மிருக ஆஸ்பத்திரில..."

"எந்த ஆஸ்பத்திரி?"

"கீழ பஸார்ல..."

அந்தப் பக்கம் அவர் சேற்றில் நாலு எட்டு வைக்கிற சத்தம் கேட்டது.

"அம்மா." அவர் குரல் மாறியிருந்தது. "நான் டோர்ச் அடிச்சுப் பாக்கிறன். உங்கட வீட்டுக்குக் கீழ தண்ணிதான் கிடக்கு. வேற ஒண்டும் இல்ல."

போன் அணைந்துவிட்டது.

வெள்ளைச் சேட்டுக்காரர் அவளையே பார்த்துக்கொண்டு நின்றார். "ஆர் அது?"

"டொ... டொக்டருங்க. மேல வந்துட்டாரு."

"மேல... றோட்டில... ஆக்கள் நிக்கேல்லையோ?"

"யாரும் இல்லைங்க."

"வடிவாத் தெரியுமோ?"

"சாமி சத்தியமா ஒண்ணும் இல்லைங்க. எங்கள விட்டுருங்க..."

அவர் முகத்தில் ஏதோ தளர்ந்தது.

"அப்ப போகலாம்" என்றார்.

லாம்பு அணைந்தது.

இருட்டு.

கழுத்து வரை தண்ணி.

அவள் கத்த வாயைத் திறந்தாள். வாய்க்குள் தண்ணி போனது. காலுக்கடியில் ஒன்றும் இல்லை. கையில் கயிறு மட்டும் இருந்தது. அதை விட்டால் போச்சு. பவுனின் கழுத்தைத் தேடிப் பிடித்தாள். குதிரை நீந்தியது. எந்தப் பக்கம் கரை?

அப்போது கேட்டது.

பாம்... பாம்... பாம்...

டொக்டரின் கார் ஹோன். விட்டு விட்டு. நிறுத்தாமல்.

"அங்க... பவுனு... அங்க போ தாயி..."

பவுனு திரும்பியது. நேராகப் போனது. இருட்டில், ஒரு வளைவு இல்லாமல், இரண்டு பக்கமும் ஆள் பிடித்துக் கூட்டிப் போகிற மாதிரி நேராகப் போனது. குளம்பு தாரில் பட்டது. தண்ணி இடுப்புக்கு வந்தது. முழங்காலுக்கு வந்தது. டோர்ச் வெளிச்சம் கண்ணில் அடித்தது.

டொக்டர் ரிஷிகேசன் ஓடி வந்தார். "அம்மா! தண்ணிக்குள்ள ஏன் இறக்கினனீங்கள்?"

அவளுக்குப் பல் கிட்டித்துப் போயிருந்தது. டொக்டர் அவளை விட்டுவிட்டுக் குதிரையைப் பார்த்தார். வாசலில் லைட்டுக்குக் கீழே நிறுத்தி, ஈறைப் பார்த்தார். நாடி பார்த்தார். வயிற்றில் குழல் வைத்துக் கேட்டார். நெடுநேரம் கேட்டார். பிறகு மூக்கில் வடிந்த எண்ணெயை விரலால் தொட்டுப் பார்த்தார்.

"நல்ல வேலை செய்திருக்கிறியள்" என்றார். "நான் வந்தும் இதைத்தான் செய்திருப்பன். இப்ப குடல் ஓடுது. தலையை இன்னும் கொஞ்சம் உயர்த்திப் பிடியுங்கோ... ஓம், அப்பிடித்தான்... நன்றி."

வலிக்கு ஒரு ஊசி போட்டார். கொஞ்ச நேரத்தில் பவுனு வாலைத் தூக்கியது. மணல் மணலாகச் சாணி விழுந்தது. கலாராணி அதைக் கையில் அள்ளிப் பார்த்தாள். அள்ளிக்கொண்டே அழுதாள். அந்தச் சூடு கையில் பட்ட பிறகுதான் தான் உயிரோடு இருக்கிறோம் என்பதே அவளுக்கு உறைத்தது.

டொக்டர் கை கழுவிவிட்டுப் புறப்பட்டார். அவள் பவுனின் பக்கத்திலேயே சுவரில் சாய்ந்து கிடந்தாள். கார்க் கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. டப்... டப். பையைப் பின்னால் வைத்திருப்பார் என்று நினைத்தாள்.

விடிந்ததும் ரிப்கா சோறும் கறியும் கட்டிக்கொண்டு வந்தாள். கலாராணி அவளிடம் எல்லாவற்றையும் சொன்னாள். சிரிப்பாளோ என்று பயந்தாள். ரிப்கா சிரிக்கவில்லை. கையில் இருந்த பார்சலை மெதுவாகக் கீழே வைத்தாள்.

"எங்கட வாப்பா சொல்லியிரிக்கிறாரு" என்றாள். "அந்தப் பழைய பஸார்லதான் வாப்பாட மொதல் கடை. அங்க ஒரு மிருக டொக்டர் இருந்தாராம். யாழ்ப்பாணத்து ஆள். தங்கமான மனுஷன். தமிழாக்கள அடிச்ச எண்பத்து மூணு கலவரத்துல அவர ஒளிச்சு வைக்கிறதுக்கு வாப்பா போன நேரம், ஆஸ்பத்திரிக் கதவு உடைஞ்சு கிடந்திச்சாம். ஆளைக் காணல்ல. மையத்துண்டு எடுக்க ஒடம்பும் கிடைக்கல்ல. பொறகு தண்ணி வந்து எல்லாத்தையும் மூடிட்டு."

கலாராணி அன்றே பவுனை மேட்டுப் பக்கம் கட்டினாள். தீனியை விலைக்கு வாங்கினாள். அந்த மழையில் நீர்த்தேக்கம் ஏறி, பழைய ரோடு மறுபடி மறைந்தது. எப்படியோ முடிந்துவிட்டது என்றுதான் அவள் நினைத்தாள். தண்ணிக்குள் இருப்பது தண்ணிக்குள் இருக்கட்டும். நமக்கு நல்லதைத்தானே செய்தது? இருளப்பனும் போனில் அப்படித்தான் ஆறுதல் சொன்னான்.

இரண்டு கிழமை போனது. டொக்டர் ரிஷிகேசன் பவுனைப் பார்க்க வந்தார். நல்ல வெயில். குதிரை கொழுகொழு என்று நின்றது. பல்லைப் பார்த்தார், வயிற்றைப் பார்த்தார், திருப்தியாகத் தட்டிக் கொடுத்தார். கலாராணி தேத்தண்ணி கொண்டு வந்து கொடுத்தாள். அவர் குடித்துக்கொண்டே சுற்றுமுற்றும் பார்த்தார்.

"அந்த ஐயா பிறகு வரேல்லையோ?"

"எந்த ஐயாங்க?"

"அண்டைக்கு உங்களோட நிண்டவர். குதிரைக்கு மற்றப் பக்கம் கயிறு பிடிச்சுக்கொண்டு தண்ணிக்குள்ளால வந்தாரே. நான் ஊசி போடேக்க தலையை உயர்த்திப் பிடிச்சவர். வெள்ளைச் சேட்டு. முழுக்க நனைஞ்சு போய்."

கலாராணி கையில் இருந்த தட்டைக் கீழே வைத்தாள்.

"எங்கட தொழில்தான் எண்டார்" என்று டொக்டர் சொல்லிக்கொண்டே போனார். "எனக்கு அப்பவே விளங்கீட்டுது, குழாய் விட்டது அவர்தான் எண்டு. பழைய காலத்து ஆக்களின்ர கை அது. போகேக்க என்னோட காரில கண்டிக்கு வந்தவர். நீங்கள் காணேல்லையோ?"

"கண்டிக்கா..."

"ஓம். குட்ஷெட் பஸ் ஸ்டாண்டில இறக்கிவிட்டனான். யாழ்ப்பாண பஸ் எங்க நிக்கும் எண்டு கேட்டார். நானே கூட்டிக்கொண்டு போய் ஏத்தி விட்டன். யன்னல் பக்கம் இருந்தார்."

"ஏதும் பேசினாருங்களா?" என்று கேட்டாள்.

"வழியில ஒண்டும் கதைக்கேல்ல. வெளியில பாத்துக்கொண்டே வந்தார். பஸ் வெளிக்கிடேக்கதான் மனம் விட்டுக் கதைச்சவர். வீட்டுப் பக்கம் போய்க் கன காலமாம். மனிசியும் பிள்ளையளும் இருக்கினமாம். சொல்லாமல் கொள்ளாமல் போய் நிண்டா பயந்து போயிருவினமோ எண்டு கேட்டார்."

டொக்டர் சிரித்தார். கோப்பையைக் கீழே வைத்தார்.

"நான்தான் சொன்னன், ‘ஏன் ஐயா பயப்பிடப் போகினம்? யோசிக்காமல் போய்க் கதவைத் தட்டுங்கோ’ எண்டு."